ஒழுகும் ஜாயிண்டுக்கு முதலில் ஒரு எண் கொடுங்கள்: கடலூர் பிரீகாஸ்ட் குடியிருப்புக்கு ஒரு பதில்

கடலூரிலிருந்து ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நான்கு பிளாக், 96 வீடு. சுவரும் தளமும் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பூட்டிய பிரீகாஸ்ட் கட்டடம். கைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகைக்கும் ஏதோ ஒரு வீட்டில் ஒழுகுகிறது. பெயிண்டர் வந்து அடித்துவிட்டுப் போகிறார். அடுத்த வருடம் மறுபடியும் அதே கதை. இப்போது ஒரு நிறுவனம் சென்சார், முப்பரிமாண மாடல், மொபைல் ஆப் எல்லாம் சேர்த்துப் பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருக்கிறது. வாங்கலாமா, இல்லை நாமே ஏதாவது செய்ய முடியுமா என்பது கேள்வி. டிரோன் பற்றியும் கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். டிஜிட்டல் கருவி உங்களுக்குத் தேவைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆப்பில் போடுவதற்கு இன்று உங்களிடம் என்ன இருக்கிறது? "பி பிளாக் 302, பெட்ரூம் சுவரில் ஓதம்" என்று ஒரு நோட்டில் எழுதியிருப்பீர்கள். அதே வரியை ஆப்பில் ஏற்றினாலும் அது அதே வரிதான். எந்தச் சுவர், எந்தப் பேனல், எந்த ஜாயிண்ட், அன்று எவ்வளவு மழை, காற்று எந்தப் பக்கம், போன தடவை என்ன பூசினார்கள் என்பது எதுவும் அதில் இல்லை.

தூண், பீம் வைத்துக் கட்டிய சாதாரண ஃப்ரேம் கட்டடத்தில் புகாரை வீட்டு எண்ணை வைத்துப் பதிந்தால் ஓரளவு சமாளிக்கலாம். பிரீகாஸ்ட்டில் அது உதவாது. பேனல் என்பது தொழிற்சாலையில் அச்சில் வார்த்து, அதிர்வு கொடுத்து, நீராற்றி வருவது. பெரும்பாலும் தரமாகத்தான் இருக்கும். பிரச்சினை வருவது பேனலும் பேனலும் சேரும் இடத்தில். அங்கேதான் மழையில் நனைந்துகொண்டு, கிரேனை அவசரப்படுத்திக்கொண்டு, சைட்டில் இடைவெளியை நிரப்பும் கிரவுட் ஊற்றியிருப்பார்கள், வெல்டு வைத்திருப்பார்கள், தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலண்ட் இழுத்திருப்பார்கள். ஆகவே பிரீகாஸ்ட் கட்டடத்தில் நீங்கள் பராமரிப்பது வீட்டை அல்ல, ஜாயிண்டை. பதிவேடும் ஜாயிண்டை வைத்துத்தான் இருக்க வேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் கட்டடத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை எண் போட்டாகிவிட்டது. வார்ப்பு யார்டில் ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு அடையாள எண் இருந்திருக்கும். அது இல்லாமல் எந்தப் பேனலை எங்கே தூக்கி வைப்பது என்று கிரேன்காரருக்கே தெரியாது. அந்த எண்கள் எல்லாம், எந்தப் பேனல் எங்கே என்று காட்டும் எரெக்ஷன் டிராயிங்கில் இருக்கும். கட்டி முடித்துப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்ததும் சுவரிலிருந்து எண் மறைந்துவிட்டது, டிராயிங் பில்டரின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தூங்குகிறது. உங்கள் முதல் வேலை அதைக் கேட்டு வாங்குவது. கூடவே ஜாயிண்ட் விவரப் படங்கள், வார்த்த தேதிப் பட்டியல், கான்கிரீட் வலிமையைச் சொல்லும் கியூப் டெஸ்ட் முடிவுகள், பயன்படுத்திய சீலண்ட், கிரவுட் இவற்றின் பெயர் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கட்டடத்தின் முப்பரிமாண மாடல் இருந்தால் ஐஎஃப்சி கோப்பாகக் கேளுங்கள். அது எந்த நிறுவனத்தின் மென்பொருளுக்கும் கட்டுப்படாத பொது வடிவம், இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் போன்றவற்றிலேயே திறக்கலாம்.

டிராயிங் கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பிளாக்கின் நான்கு முகத்தையும் எதிரே நின்று போட்டோ எடுங்கள். பேனல் கோடுகள் பெயிண்டையும் மீறித் தெரியும். படத்தின் மேலேயே எண் எழுதுங்கள்: பி பிளாக், கிழக்கு முகம், 3ஆவது மாடி, இடமிருந்து 7ஆவது பேனல் என்றால் "பி-கிழ-3-07". அதன் வலது பக்கச் செங்குத்து ஜாயிண்டுக்குக் கடைசியில் "செ", கீழே உள்ள கிடைமட்ட ஜாயிண்டுக்குக் "கிடை". அவ்வளவுதான். அந்த ஜாயிண்டுகளுக்கு ஜாதகம் எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; இனி எது நடந்தாலும் அந்தப் பெயரில்தான் எழுத வேண்டும்.

அப்புறம் ஒரு கூகுள் ஃபார்ம், அது போய் விழுகிற ஒரு ஷீட். ஃபார்மில் ஜாயிண்ட் எண், தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டே ஒரு படம், தேதி, நேரம், புதிதா பழையதா, என்ன வேலை செய்தோம், என்ன பொருள், யார் செய்தது என்று கேட்டால் போதும். ஒவ்வொரு பிளாக்கின் படிக்கட்டுக் கீழே ஒரு கியூஆர் கோடு ஒட்டுங்கள். வாட்ச்மேனோ பிளம்பரோ ஃபார்ம் நிரப்ப மாட்டார், வாட்ஸ்அப்பில் படம்தான் அனுப்புவார் என்றால், அனுப்பட்டும். வாரம் ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து ஷீட்டில் ஏற்றட்டும். படுக்கையறைப் படங்களைப் பொதுக் குரூப்பில் போடாதீர்கள். ஷீட் உங்கள் சொந்த மெயிலில் இருக்கக் கூடாது, சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். செயலாளர் மாறும்போது கட்டடத்தின் நினைவும் சேர்ந்து போய்விடுவதை நான் நிறைய இடங்களில் பார்க்கிறேன்.

ஷீட்டில் நிறையப் பேர் விட்டுவிடுகிற ஒரு விவரம் மழை. மொட்டை மாடியில் ஒரு சாதாரண மழைமானி வையுங்கள். வானிலைத் துறையினர் போலவே தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுங்கள். காற்றுத் திசையும் எழுதுங்கள். நம் கடற்கரையில் இது ரொம்ப முக்கியம். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை வாடைக் காற்றோடு வந்து வடக்கு, கிழக்குச் சுவர்களில் சாய்ந்து அடிக்கும். ஆடி, ஆவணியில் சாயந்தர இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். நவம்பரில் மட்டும் ஒழுகும் இடம் கிழக்குச் சுவர் ஜாயிண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். சித்திரை வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாதபோதும் ஓதம் இருந்தால் அது மழையே இல்லை, பாத்ரூம் பைப்பைப் பாருங்கள். ஷீட்டில் மாதத்தையும் மழையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிப் புகார்களுக்கு மூலம் தெரிந்துவிடும். இதற்குச் சென்சார் தேவையில்லை.

புதுச்சேரிக்கு வெளியே ஒரு குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே பிளாக்கில் நான்கு வீடுகள் தனித்தனியாகப் புகார் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்திருந்தார்கள், சிலதில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக. நோட்டில் அவை நான்கு வெவ்வேறு பக்கங்களில் இருந்தன. ஜாயிண்ட் எண் போட்டு ஷீட்டில் ஏற்றி, முகப்புப் படத்தில் சிவப்புப் புள்ளி வைத்ததும் நான்கும் ஒரே செங்குத்து ஜாயிண்டின் மேல், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வரிசையில் நின்றன. அந்தச் சுவரில் ஜாயிண்டு இரண்டு அடுக்கு: வெளியே ஒரு சீலண்ட், உள்ளே ஒன்று, நடுவில் ஒரு வெற்றிடம். வெளி அடுக்கைத் தாண்டி வரும் தண்ணீர் அந்த வெற்றிடம் வழியே கீழே இறங்கி, அடியில் விட்டிருக்கும் சின்ன ஓட்டை வழியே வெளியேற வேண்டும். கீழே போய்ப் பார்த்தால் அந்த ஓட்டையை யாரோ பூச்சி வருகிறதென்று எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். இறங்கிய தண்ணீருக்குப் போக வழியில்லை. தேங்கி, உள்பக்கச் சீலண்டில் எங்கே பலவீனமோ அங்கே வீட்டுக்குள் வந்தது. ஓட்டையைத் திறந்துவிட்டு, வெளிச் சீலண்டை முழு நீளத்துக்கும் மாற்றியதும் நின்றது.

உங்கள் ஜாயிண்டுகளும் அந்த வகையா என்று டிராயிங்கில் பாருங்கள். அப்படியென்றால் ஒவ்வொரு வடிகால் ஓட்டைக்கும் ஒரு எண், புரட்டாசிக்குள் ஒருமுறை திறந்திருக்கிறதா என்று படத்தோடு ஒரு பதிவு. உள்ளே பார்க்க, ஃபோனில் சொருகும் எண்டோஸ்கோப் கேமரா ஒன்று வாங்குங்கள். ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். உங்களுக்குச் சொல்லியிருக்கும் அந்தப் பெரிய தொகையில் இருக்கும் எல்லாவற்றையும்விட இது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

ஒழுகல் எங்கிருந்து என்பது உறுதியாகத் தெரியாவிட்டால் ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கீழிருந்து மேலே, ஒரு ஜாயிண்டாக, பொறுமையாக. மேலிருந்து அடித்தால் தண்ணீர் எல்லா ஜாயிண்டையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது குற்றவாளி என்று தெரியாது. உள்ளே ஒருவர் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். எந்த ஜாயிண்டில் எத்தனை நிமிடத்தில் உள்ளே வந்தது என்பதும் ஷீட்டுக்குப் போக வேண்டும். தெர்மல் கேமரா வாடகைக்குக் கிடைத்தால் நல்லதுதான், ஈரமான இடம் குளிர்ச்சியாகத் தெரியும். ஆனால் வெயில் நேரடியாக அடிக்கும் சுவரில் எடுத்த படம் ஆளை ஏமாற்றும். உள்ளே குழல் விட்டு வார்த்த ஹாலோ கோர் தளத்தில் அந்தக் குழல்களே பட்டை பட்டையாகத் தெரிந்து ஈரம் போலத் தோன்றும்.

சீலண்ட் வேலையை மழைக்காலத்தில் செய்யவே கூடாது. தையில் மழை ஓய்ந்ததும் எல்லா முகங்களையும் சுற்றிப் பார்த்துப் பதிவு, மாசி முதல் வைகாசிக்குள் வேலை, ஆவணியில் தண்ணீர் சோதனை. ஷீட்டில் ஒரே முகத்தில் நிறைய ஜாயிண்டுகள் சிவப்பாகிவிட்டன என்றால் ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டு அந்த முகத்தை முழுதாக மாற்றிவிடுங்கள். ஆறு மாடி உயரத்தில் செலவு சீலண்டுக்கு இல்லை. கயிறு, கூண்டு, ஆள் கூலிக்குத்தான். பழையதைச் சுத்தமாக எடுத்து, ஜாயிண்டுக்குள் திணிக்கும் நுரைக் கயிறான பேக்கர் ராடு வைத்து, புதுச் சீலண்டை இரண்டு பக்கம் மட்டும் ஒட்டும்படி இழுக்க வேண்டும். அதன்மேல் பட்டி பார்க்கக் கூடாது. ஜாயிண்டு வெயிலுக்கும் குளிருக்கும் அசையும்; சீலண்ட் நீளும், பட்டி நீளாது, விரிசல் விட்டுவிடும். வீட்டுக்காரர் அந்த விரிசலைப் பார்த்துக் கட்டடம் பிளக்கிறது என்று பயப்படுவார்.

இப்போது கம்பி. இதுதான் நம் ஊரில் எனக்கு உண்மையான கவலை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் வைக்கிறது; குறைந்தபட்சம் எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் என்று சொல்கிறது. உப்புக் காற்றில் வரும் குளோரைடு கம்பியை எட்டினால் துரு ஊதும். தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், காரை பெயர்ந்து விழும். பேனலுக்குள் இருக்கும் கம்பியைவிட, பேனல்களை இணைக்கும் வெல்டு பிளேட்டுகள், பிராக்கெட்டுகள், படிக்கட்டு உட்காரும் முனைகள் இவைதான் முதலில் அடிபடும். இவற்றில் பாதி ஃபால்ஸ் சீலிங்குக்கும் பட்டிக்கும் பின்னால் இருக்கும். எங்கெங்கே இருக்கிறது என்று டிராயிங்கிலிருந்து ஒரு பட்டியல் எடுங்கள். திறந்து பார்க்க முடிகிறவற்றை வருடம் ஒருமுறை அதே இடத்தில் நின்று, அதே தூரத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். நிற்கும் இடத்தைத் தரையில் பெயிண்டால் குறித்துவிடுங்கள். நான்கு வருடப் படங்களை அடுத்தடுத்து வைத்தால் துரு பரவுகிறதா, அப்படியே இருக்கிறதா என்பது எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகத் தெரியும்.

கடலோரத்தில் கான்கிரீட்டே நிற்காது என்று சொல்பவர்களுக்கு ஒன்று: புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி, அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து ஜார்ஜ் நகாஷிமா, சாம்மர் போன்றோர் முன்னின்று கட்டியது, 1930களின் பின்பாதியிலும் 40களிலும் எழுந்த திறந்த கான்கிரீட் கட்டடம். பெரும்பகுதி அங்கேயே வார்த்தது, பிரீகாஸ்ட் அல்ல. கடற்காற்றில் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அங்கே விடாமல் நடக்கும் பராமரிப்பு ஊரறிந்தது.

மேற்பரப்பைத் தட்டிக் கான்கிரீட் வலிமையைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹேமர் வைத்துத் தட்டி ரிப்போர்ட் தருகிறோம் என்று யாராவது வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பேனலின் மேற்பரப்பு நன்றாகத்தான் இருக்கும், நல்ல எண்தான் வரும். ஜாயிண்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கம்பி துருப்பிடிக்கும் வாய்ப்பை அளக்கும் ஹாஃப் செல் சோதனை பயனுள்ளது. மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் துரு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பிரீகாஸ்ட்டில் ஒரு பேனலின் கம்பி அடுத்த பேனல் கம்பியோடு மின்தொடர்பில் இருக்கும் என்று நம்ப முடியாது. ஒரே இடத்தில் கம்பியைத் திறந்து இணைப்புக் கொடுத்து முழுச் சுவரையும் அளந்தால் அந்த எண்களுக்கு அர்த்தமில்லை. சோதனைக்கு வருபவரிடம் ஒவ்வொரு பேனலுக்கும் தனி இணைப்புக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். முடிவுகளும் பேனல் எண்ணோடுதான் வர வேண்டும்.

இன்னொரு பதிவு, யாரும் வைத்துக்கொள்வதில்லை: யார் எங்கே துளை போட்டார்கள் என்பது. உங்கள் கட்டடத்தில் சுவர்கள் வெறும் மறைப்பு அல்ல, பாரம் தாங்குபவை. ஏசி பைப்புக்குக் கோர் கட்டிங், கிச்சனை ஹாலோடு சேர்க்கச் சுவரை உடைப்பது, தளத்தில் ஆழமாக டிரில் போடுவது இவையெல்லாம் அனுமதி இல்லாமல் நடக்கக் கூடாது. ஹாலோ கோர் தளமென்றால் இழுத்துக் கட்டிய கம்பிகள் அடியில் ஓடும். ஒன்றை அறுத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது. 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடி பேனல் கட்டடத்தில், 18ஆவது மாடியில் கேஸ் வெடித்து ஒரு தாங்குசுவர் வெளியே தள்ளப்பட்டது. அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்து 4 பேர் இறந்தார்கள். 1986இல் அதை மாடி மாடியாகப் பிரித்து இறக்கியபோது ஜாயிண்டுகள் எவ்வளவு மோசமாக நிரப்பப்பட்டிருந்தன என்பது வெளியே வந்தது. 1968 விபத்துக்குப் பிறகே பல நாடுகளில் விதிகள் மாறத் தொடங்கின. பேனல்களை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் கம்பிகள் கட்டாயமாயின. உங்கள் கட்டடமும் அந்த விதிகளுக்குப் பிறகு வந்ததுதான். ஆனாலும் ஒரு சுவரை எடுத்தால் என்ன ஆகும் என்பதைக் குடியிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே அதே ஃபார்மில் இன்னொரு பக்கம்: வீட்டு எண், பேனல் எண், எந்த இடத்தில் என்ன அளவில் துளை, படம், பொறியாளர் ஒப்புதல்.

எதையெல்லாம் ஷீட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தளமோ படிக்கட்டோ உட்காரும் முனையில் கான்கிரீட் உடைந்திருந்தால், அங்கே சாய்வான விரிசல் வந்தால், பேனல் வெளிப்பக்கம் நகர்ந்தது போல ஜாயிண்டில் படி தெரிந்தால், அன்றைக்கே ஸ்ட்ரக்சுரல் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அந்த இடத்துக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம். புயலுக்குப் பிறகு இதற்கென்றே ஒரு சுற்று போங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் கரையில் ஏறியதையும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டியதையும் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

டிரோன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறு மாடிக்கு நல்ல ஜூம் உள்ள ஃபோனும் எதிர்ப் பிளாக்கின் மொட்டை மாடியும் போதும். கட்டாயம் வேண்டுமென்றால், டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சென்சாரில் சம்ப் தண்ணீர் மட்டம், மோட்டார் ஓடிய நேரம் இவை இரண்டும் உடனே பலன் தரும். சுவருக்குள் ஈரப்பதச் சென்சார் பதிப்பது உங்கள் அளவுக்கு இப்போது தேவையில்லை. சென்னை பெரும்பாக்கத்தில் பிரீகாஸ்ட்டில் எழுந்த லைட் ஹவுஸ் திட்டத்தில் 1,152 வீடுகள். அந்த அளவில், ஒரே ஒரு அமைப்பு பல வளாகங்களைப் பார்த்துக்கொள்ளும்போது, முழு மாடலும் தனி மென்பொருளும் செலவுக்கு ஈடாகும்.

கடைசியாக, உங்களுக்கு அவசரமான ஒன்று. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 14(3) பிரிவின்படி, வீடு கைக்கு வந்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ உள்ள குறையைச் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கு நான்கு வருடம் போய்விட்டது. இருப்பது ஒரு மழைக்காலம். அதற்குள் ஜாயிண்ட் எண், தேதி, மழை அளவு, படம், தண்ணீர் சோதனை வீடியோ இவ்வளவும் சேர்ந்த பட்டியலைக் கடிதத்தோடு பதிவுத் தபாலிலும் மெயிலிலும் அனுப்புங்கள். "அங்கங்கே ஒழுகுகிறது" என்ற கடிதத்துக்குப் பெயிண்டரைத்தான் அனுப்புவார்கள். "பி-கிழ-3-07-செ, கார்த்திகையில் 60 மில்லிமீட்டர் மழையில் இத்தனை மணிக்கு, இதோ படம்" என்று போனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு வருடம் இப்படி ஓட்டிவிட்டு அந்த நிறுவனத்தை மறுபடி கூப்பிடுங்கள். அப்போது உங்கள் ஷீட்டை அப்படியே ஏற்றித் தருவார்களா, ஒப்பந்தம் முடியும்போது எல்லாப் பதிவும் படங்களோடு எக்செல்லாக உங்கள் கைக்குத் திரும்ப வருமா, பேனல் எண்களை உங்கள் எண்ணிலேயே வைத்துக்கொள்வார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகு விலை பேசுங்கள்.